சாவி இல்லாமல் இறங்கிய ஜீப்

மூக்கன் குடிப்பவர்தான். அதை மறைத்து எழுதினால், "ஏன் தம்பி, என்னைய சாமியாராக்கிப் போட்டீங்க?" என்று அவரே கேட்பார். ஆனால் எப்போதாவதுதான். கோயில் நோம்பிக்கு, பிறகு சாவுக்கு. ஏற்காட்டு மலையில் நாகலூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவர்களுடைய சிற்றூரில் சாவு விழுந்தால், குழி வெட்டும் பங்காளிகளுக்கு ஊற்றிக் கொடுப்பது வழக்கம். மேலே ஒரு சாண்தான் மண், கீழே பாறை. கடப்பாரை போட்டுப் போட்டுத் தோள் கழன்றுவிடும். கொடுப்பதை வேண்டாம் என்றால், செத்தவர் மேல் பழைய கோபம் தீரவில்லை போல என்று பேச்சாகிவிடும்.

குடித்துவிட்டு அவர் ஜீப்பை எடுத்ததில்லை. அவருடைய பெரியப்பா மகன் ஒருவர் டெம்போவோடு வளைவில் போய்ச் சேர்ந்ததிலிருந்து வீட்டில் ஒரு கட்டுப்பாடு. முதல் டம்ளர் வாய்க்குப் போகும் முன் ஜீப் சாவி மனைவி புஷ்பலதாவின் கைக்குப் போய்விட வேண்டும். மறுநாள் காலை கஞ்சி குடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். நடுவில் யார் கேட்டாலும் கிடைக்காது. ஒருமுறை எஸ்டேட்டில் கணக்கும் ஆள்வேலையும் பார்க்கும் ரைட்டர் பாலசுப்பிரமணியமே வந்து வாசலில் நின்றார். "நாளைக்கு வாங்க சார்" என்று சொல்லிவிட்டு அந்தம்மா ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டது. அதிலிருந்து ஊரில் யாரும் கேட்பதில்லை.

என் அம்மா நாகலூரில் தனியாக இருக்கிறாள். நான் கனடாவில் இருக்கிறேன். போனில் எது பேசினாலும் கடைசியில் நான் கேட்பது ஒன்றுதான்: "மூக்கண்ணன் ஊர்லதான இருக்காரு?" அம்மாவுக்கு நெஞ்சு வலி என்றால் அவர் ஜீப்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "இருக்கான், நீ தூங்கு" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம். ஆகவே அவருடைய லைசென்ஸ் எனக்கும் ஒருவகையில் தேவையாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த லைசென்ஸைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூக்கனுக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. எஸ்டேட் லாரியில் கிளீனராக ஏறினார். வளைவுகளில் இறங்கி ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவது வேலை. டிரைவர் தூங்கும் நேரத்தில் ஸ்டீயரிங்கைத் தடவித் தடவியே பழகினாராம். ஏற்காடு ஒண்டிக்கடையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சாதிக் பாஷா அவருக்குச் சிறு வயதுச் சிநேகிதர். அவர்தான் சேலத்துக்கு இழுத்துப்போய் லைசென்ஸ் எடுக்க வைத்தார். பிறகு பழைய ஜீப் ஒன்றை உயிர்ப்பித்துக் கொடுத்தார். அந்த ஜீப்பில் விடிந்ததும் ஊர்ப் பெண்களை எஸ்டேட்டுக்குக் கொண்டுபோய் விடுவார். பொழுது சாயும்போது திரும்பக் கூட்டி வருவார். நடுவில் வாழைத்தார், ஆரஞ்சு, சாமை மூட்டை, பிரசவ வலி, எது வந்தாலும் ஏற்றிக்கொள்வார். பல வருஷமாக இதுதான் வாழ்க்கை. ஒரு சின்ன உரசல் கேஸ்கூடக் கிடையாது.

இந்த மலை டிரைவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை விட்டுவிடுவார்கள். டீசல் மிச்சம். பெரிய வண்டிக்காரர்கள் திட்டுவார்கள், போலீஸ் திட்டும், ஆனாலும் நிற்பதில்லை. சத்தமில்லாமல் இறங்கும் வண்டியை இங்கே யாரும் ஓடுகிற வண்டியாக நினைப்பதில்லை. அது மாட்டை மேட்டிலிருந்து ஓட்டி வருவது மாதிரி ஏதோ ஒன்று.

போன கார்த்திகையில், காப்பிப் பழம் சிவக்க ஆரம்பித்த நேரத்தில், மூக்கனின் பங்காளி முறையில் ஒரு பெரியவர் இறந்தார். தூறலில் குழி வெட்டினார்கள். சாவி புஷ்பலதாவிடம் போனது. மூக்கன் குடித்தார். அடக்கம் முடிந்தது. மதியத்துக்கு மேல்தான் சிக்கல் வந்தது. பெரியவரின் மகள் கண்ணாயி கீழ்நாட்டில் கட்டிக்கொடுத்தவள். அவளும் புருஷன் வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் மலையடிவாரத்தில் இருக்கும் குப்பனூர் போய்ச் சேலம் பஸ் பிடிக்க வேண்டும். வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நாகலூர் பஸ் அன்றைக்கு வரவில்லை.

"அண்ணா, எப்படியாச்சும் கீழ எறக்கி உட்ருங்ணா" என்று கண்ணாயி அழுதாள்.

"சாவி என்கிட்ட இல்லையே சாமி" என்றார் மூக்கன்.

சாவியைப் போய்க் கேட்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். மூக்கன் ஜீப்பைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். பழைய ஜீப்புக்கு ஸ்டீயரிங் பூட்டு கிடையாது. குப்பனூர் வரைக்கும் பெரும்பாலும் இறக்கம்தான்.

"சாவி எதுக்குங்க?" என்றார் குழி வெட்டியவர்களில் ஒருவர். "தள்ளி உட்டாப் போயிக்கிட்டே இருக்குமில்ல?"

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. கட்டுப்பாடும் மீறப்படவில்லை, கண்ணாயிக்கும் பஸ் கிடைக்கும். நான்கு பேர் தள்ளினார்கள். சாவி இல்லாததால் ஹாரன் அடிக்காது என்று மூக்கனுக்கு ஞாபகம் வந்தது. உடனே ஒரு மைத்துனரை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். வளைவு வரும்போதெல்லாம் அவர் வெளியே கைவிட்டுத் தகரத்தில் அடித்துக்கொண்டு, "ஏய்... ஏய்..." என்று கத்த வேண்டும். வழியில் சமதளம் வந்த இடங்களில் மைத்துனர் இறங்கித் தள்ளினார். துக்கத்துக்கு வந்த பெண்களும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளினார்கள்.

புஷ்பலதா அப்போது குளித்துவிட்டுத் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு சத்தம் வந்திருந்தா ஓடிப்போயி ரோட்டுல படுத்திருப்பேங்க" என்று பிறகு என்னிடம் சொன்னாள். "சத்தமே வரலீங்களே."

குப்பனூரில் போலீஸ் நின்றிருந்தது. மூடுபனியிலிருந்து விளக்கில்லாமல், இன்ஜின் சத்தமில்லாமல், ஒருவர் தகரத்தைத் தட்டிக் கூவ ஒரு ஜீப் வருவதைப் பார்த்து சப்-இன்ஸ்பெக்டர் கொஞ்சம் பின்னால் நகர்ந்தாராம். ஜீப் இரும்புத் தடுப்பை மெல்ல முட்டி நின்றது.

"சாவிய எடு."

"சாவி ஊட்ல இருக்குதுங்க."

"சாவி ஊட்லயா? யார் வண்டிய்யா இது?"

"என்றதுதானுங்க."

"உன் வண்டி, சாவி மட்டும் ஊட்டுல. திருடிக்கிட்டு வர்றியா?"

"ஐயோ இல்லீங்க. குடிச்சிருக்கறனுங்க. அதான் சாவியக் குடுத்துப் போட்டேன்."

இப்படித் தானாகவே ஒப்புக்கொண்ட ஆளை அந்த அதிகாரி அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். ஊதச் சொன்னார்கள். மூக்கன் நன்றாக நெஞ்சு நிறைய இழுத்து ஊதினார். நூறு மில்லி ரத்தத்துக்கு முப்பது மில்லிகிராம் வரைதான் சட்டம் பொறுக்கும். கருவி அதைப் போலப் பல மடங்கு காட்டியது. ஜீப்பைப் பிடித்து வைத்தார்கள். கண்ணாயி பஸ்ஸில் ஏறும்போது அப்பனுக்கு அழுததைவிட அதிகமாக அழுதாள்.

நான் விடுமுறையில் வந்து சேர்ந்தபோது கேஸ் சேலம் கோர்ட்டுக்குப் போயிருந்தது. ஜீப்பை சாதிக் பாஷா மீட்டு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தியிருந்தார். இடதுபக்க மட்கார்டு நசுங்கிக் கிடந்தது. "ஸ்டேஷன்ல யாரோ இடிச்சுப் போட்டாங்க" என்றார் மூக்கன்.

"இடியும் வாங்கிக்கிட்டு, எடத்த வேற அடைச்சு நிக்குது. உன்னய மாதிரியேதான்யா உன் வண்டியும்" என்றார் சாதிக்.

மூக்கன் சிரிக்கவில்லை. ஆள் இளைத்திருந்தார். அவரைப் பயமுறுத்தியது சிறை அல்ல. பழ சீசன் தொடங்கிவிட்டது. அந்த மூன்று நான்கு மாத ஓட்டத்தில்தான் அவர் வருஷம் நிற்கிறது. ரைட்டர் பாலசுப்பிரமணியம் தெளிவாகச் சொல்லிவிட்டார். கோர்ட் தேதி வரைக்கும் எப்படியாவது சமாளிக்கிறேன், லைசென்ஸ் கையில் இருந்தால் நீ, இல்லாவிட்டால் வேறு வண்டி. ஒரு வண்டி உள்ளே வந்துவிட்டால் பிறகு அது போகாது. அதுவும் மூக்கனுக்குத் தெரியும்.

சட்டத்தை நான் போனில் தேடிப் படித்தேன். தூரத்தில் இருப்பவன் செய்யக்கூடிய காரியம் அதுதான், பக்கத்தில் வந்த பிறகும் அதையே செய்துகொண்டிருந்தேன். முதல் தடவை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் முறை பிடிபட்டால் இரண்டு வருஷம் வரை போகலாம். லைசென்ஸை நிறுத்தி வைப்பது தனி. ஆங்கிலத்தில் இருந்ததை அவருக்குத் தமிழில் சொன்னேன்: "வண்டியை ஓட்டும்போதோ, ஓட்ட முயலும்போதோ..."

"நான் முயலவே இல்லீங்களே தம்பி" என்றார். "அதுவாத்தான எறங்குச்சு?"

"நான் இருக்கற ஊர்ல, குடிச்சுட்டு சாவியோட டிரைவர் சீட்டுல சும்மா உக்காந்திருந்தாலே கேஸ் போடுவாங்கண்ணே."

"பாருங்க! அங்கயே சாவி வேணுமில்ல?"

வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். சாவி இல்லை, இன்ஜின் ஓடவில்லை என்று வாதாடிப் பார்க்கலாம் என்றார். நிற்குமா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். வாய்தா மேல் வாய்தா போகும், அதற்குள் சீசன் முடிந்துவிடும். ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் முடியும். முதல் குற்றம், யாருக்கும் அடியில்லை, சேதமில்லை. லைசென்ஸ் விஷயத்தில் கொஞ்சம் பார்த்துச் செய்யச் சொல்லிக் கேட்கலாம். மூன்று மாதத்தோடு விட்டால்கூட, ரைட்டரிடம் கெஞ்சிப் பார்த்து சீசனின் வாலையாவது பிடிக்கலாம்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுய்யா" என்று சாதிக் பாஷா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். "ஆமாங்க, தப்புதாங்க, அவ்ளோதான். உன் ஊட்டுச் சட்டத்தையெல்லாம் அங்க அவுத்து உடாத."

கோர்ட்டில் கூட்டம். எல்லாம் எங்களைப் போன்ற கேஸ்கள்தான். ஹெல்மெட், சிவப்பு விளக்கு, குடி. மாஜிஸ்டிரேட் ஒரு அம்மா. அவர் முகத்தில் நிறையப் பேரைப் பார்த்த களைப்பு இருந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள். மூக்கன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் நின்றார்.

"குற்றத்த ஒத்துக்கறீங்களா?"

"குடிச்சது நெசமுங்க அம்மா."

"குடிச்சுட்டு வண்டி ஓட்டுனது?"

மூக்கன் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். சாதிக் கண்ணாலேயே கெஞ்சினார்.

"ஓட்டலீங்க. சாவி ஊட்ல இருந்துதுங்க. எங்கூட்டுக்காரிகிட்ட. குடிச்சா நான் சாவியத் தொடறதில்லீங்க."

அந்தம்மா காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். திருப்பிப் படித்தார். "இன்ஜின் ஆஃப்ல வந்திருக்கு. சரி. பிரேக்க மிதிச்சது யாரு?"

"நானுங்க."

"வளைவுல ஸ்டீயரிங்கத் திருப்புனது?"

"நானுங்க."

"அப்புறம் ஓட்டுனது யாரு?"

மூக்கன் உள்ளங்கையைச் சரித்துக் காட்டினார். "எறக்கமுங்க" என்றார்.

வக்கீல்கள் சிரித்தார்கள். அந்தம்மா சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. "ஏங்க, பின்னாடி பொம்பளைங்கள ஏத்திக்கிட்டு, ஹாரன் இல்லாம, லைட் இல்லாம வந்திருக்கீங்க. எதாவது ஆகியிருந்தா எறக்கத்த இங்க வந்து நிக்கச் சொல்றதா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுத ஆரம்பித்துவிட்டார். எங்கள் வக்கீல் எழுந்து, முதல் தடவை, எந்தச் சேதமும் இல்லை, லைசென்ஸ்தான் பிழைப்பு என்று சொல்லத் தொடங்கினார். பேனா நின்றது. மூன்று மாதம் என்று வரப்போகிறது என்று நான் நினைத்தேன்.

"சேதம் ஆச்சுங்க" என்றார் மூக்கன்.

வக்கீல் பாதியில் நிறுத்தினார்.

"ஒரு வளைவுல பிரேக்கு புடிக்கலீங்க அம்மா. சூடேறிப் போச்சு. இன்ஜின் ஓடிக்கிட்டிருந்தா கியர்ல புடிச்சிருப்பேன். ஒண்ணும் இல்லாம அது போயிக்கிட்டே இருந்துச்சு. மேட்டுப் பக்கமாக் கொண்டுபோயி உரசித்தான் நிறுத்துனேன். மட்கார்டு நசுங்கிப் போச்சு. பொம்பளைங்க, நான் எதுக்க வர்ற வண்டிக்கு ஒதுங்கறேன்னு நெனச்சுக்கிட்டாங்க. நானும் சொல்லல." துண்டை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார். "இந்தப் பக்கம் மேடு இல்லாம இருந்திருந்தா... அதுக்கப்புறம் எனக்குச் சரியா ஒறக்கம் இல்லீங்க."

யாரும் கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிட்டார். சாதிக் பாஷா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "யா அல்லா" என்றார் மெதுவாக.

அபராதம், கோர்ட் கலையும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கும் தண்டனை, ஆறு மாதம் வண்டி ஓட்டக் கூடாது. லைசென்ஸைத் திரும்ப வாங்கும் முன் பயிற்சி வகுப்புக்குப் போய் வர வேண்டும். ஆறு மாதம் என்று சொல்லும்போது அந்தம்மா அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சுவரோரப் பெஞ்சில் முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு மூக்கன் உட்கார்ந்திருந்தார். மின்விசிறி சுற்றியது. மதியம் சாதிக் பாஷா வாங்கி வந்த பன்னைத் தொடவில்லை. ஒரு கட்டத்தில் அப்படியே உட்கார்ந்தபடி தூங்கிப்போனார். அவர் சொன்னது உண்மையானால், கார்த்திகைக்குப் பிறகு அவருடைய முதல் நல்ல தூக்கம் அதுதான்.

திரும்பும் பஸ்ஸில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. பல வருஷமாக ஸ்டீயரிங்குக்குப் பின்னாலேயே மலை ஏறிய மனிதருக்கு, உட்கார்ந்துகொண்டு வருவது ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது வளைவிலேயே முகம் வெளுத்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

"மலைக்குப் புதுசுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க" என்றார் மூக்கன்.

சாதிக் பாஷாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காலையில் பஸ் மலை இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லையே என்று அவர் கேட்டதற்கு, "காலையில பயத்துல எதுவும் தெரியலய்யா" என்றார் மூக்கன்.

மறுநாள் புஷ்பலதா என் அம்மாவுக்குக் கீரை கொண்டுவந்தாள். திண்ணமாகச் சண்டை நடந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டேன். "என்னத்தச் சண்ட போடறதுங்க" என்றாள். "உன்னய யாரு சொல்லச் சொன்னதுன்னு கேட்டேன். அந்தம்மா கேட்டாங்கன்னுது. கேக்கலையாமே, சாதிக்கண்ணன் சொன்னாரேன்னேன். கேட்டாங்க புள்ள, உனக்குத் தெரியாதுன்னுட்டு அங்கிட்டுத் திரும்பிப் படுத்துக்கிச்சு." கீரைக்கட்டை வைத்துவிட்டுக் கொஞ்சம் நின்றாள். "என்னயத்தான் போட்டு அறுக்குது. சாவி என்கிட்ட இருக்குதுன்னு நான் பாட்டுக்கு நிம்மதியாத் துணி காயப் போட்டுக்கிட்டு இருந்திருக்கறேன் பாருங்க."

ரைட்டர் பாலசுப்பிரமணியம் மூக்கனை வரச் சொல்லியிருந்தார். நானும் கூடப் போனேன். நான் பேசினால் ஏதாவது ஆகும் என்று எனக்கு ஒரு நினைப்பு. களத்தில் பழம் குவிந்து கிடந்தது. பழத்தோல் உரிக்கும் பல்பர் ஓடும் சத்தம். ரைட்டர் நல்ல மனிதர். நேரடியாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேறு வண்டி வந்துவிட்டது, சரவணன் என்று ஒரு பையன், வாழவந்தி ஊர்க்காரன், நிதானமாகத்தான் ஓட்டுகிறான் என்று சுற்றிச் சுற்றிச் சொன்னார். ஆறு மாதத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று மட்டும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தேன். மூக்கன் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"பழம் பறிக்க ஆள் வேணுமுங்களா?" என்று கேட்டார்.

ரைட்டர் முதலில் சிரித்தார். பிறகு மூக்கன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "யாருக்கு மூக்கா?"

"எனக்குத்தானுங்க. பொம்பளைங்க மாதிரி வெரசலா வராது. சொல்லிப்போடறேன்."

"ஆள் வேணும்தான். இந்த வருஷம் எங்க கெடைக்குது?" ரைட்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலையில வண்டி உங்க ஊருக்கு வரும். புஷ்பலதாவோட நீயும் ஏறிக்க."

"நடந்து வந்தர்றனுங்க."

"அவ்வளவு தூரமா? ஏன்?"

"எனக்கு வண்டி ஒத்துக்காதுங்க" என்றார் மூக்கன்.

நான் கனடா திரும்பும் நாள் காலையில் டாக்சி நாகலூரைத் தாண்டும்போது அவரைப் பார்த்தேன். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தார். பின்னால் சரவணனின் ஜீப் வந்தது. உள்ளே இருந்த பெண்கள் "ஏனுங்க டிரைவரே, ஏறிக்கறதுங்களா?" என்று கூவிச் சிரித்தார்கள். புஷ்பலதா சிரிக்கவில்லை. சோற்றுப் போசியை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி போனாள். மூக்கன் புல்லில் இறங்கி வழிவிட்டார். ஜீப் போனதும் மறுபடி ரோட்டில் ஏறி நடந்தார்.

போன வாரம் அம்மாவிடம் பேசினேன். வழக்கமான கேள்வியைக் கேட்கப் போய் நிறுத்திக்கொண்டேன். அவளே சொன்னாள்: "மூக்கன் பழம் பறிக்கறதுல இன்னும் கடைசியாம். ரைட்டர் சொல்லிச் சிரிக்கிறாரு. நீ தூங்கு."